கிளாத்திக்கு ஒரு ஃபில்டர்

ஃப்ளோராவுக்குச் சாமான் வாங்குவது புதிதில்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சரக்கு சப்ளை செய்கிற கம்பெனி ஒன்றில், மண்ணடியில், பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. கப்பலிலிருந்து பட்டியல் வரும். உருளைக்கிழங்கு, வெங்காயம், நைலான் கயிறு, வெள்ளை பெயிண்ட், சமையல்காரன் கேட்ட மிளகுத்தூள் வரை எல்லாம் அதில் இருக்கும். பட்டியலில் உள்ளதை உள்ளபடி வாங்கிச் சாயங்காலத்துக்குள் வண்டியில் ஏற்றிவிடுவாள். எந்தக் கயிறு, எத்தனை கனம் என்று யோசிக்கிற பொறுப்பு அவளுடையதல்ல. அதைக் கப்பல்காரன் யோசித்துத்தான் எழுதியிருப்பான்.

வீட்டிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மின்விசிறியோ மிக்ஸியோ, லூயிஸ் நாலு கடை ஏறி இறங்கி, பெயரையும் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். இவள் போய் வாங்கி வருவாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். பிள்ளைகள் இல்லை. ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துச் சந்தில், இரண்டாவது மாடியில், இரண்டு பேருக்குப் போதுமான வீடு.

லூயிஸ் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றின் என்ஜின் டிரைவர். உலகத்துக் கப்பல்களையெல்லாம் தள்ளியும் இழுத்தும் ஜெட்டியில் கொண்டுவந்து கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் இருக்கும் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், கடல் பாறை, கடல் மீன். அலை சத்தம் கேட்கிற தூரத்தில்தான் வீடு. ஆனால் அந்தக் கரைத் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட அவர் தொட்டிக்குள் விட்டதில்லை. அதில் எண்ணெய் இருக்கும், சாக்கடை இருக்கும், இன்னும் என்னென்னவோ இருக்கும். படகு கப்பலை எதிர்கொள்ள அலைதடுப்புச் சுவரைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போகும்போது, அங்கே மொண்டு கேனில் கொண்டுவருவார்.

அந்தத் தொட்டிக்கு ராஜா ஒரு கிளாத்தி மீன். ஏழு வருஷத்துக்கு முன்னால் காசிமேட்டில் வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் வேண்டாமென்று எறிந்த குஞ்சு. கட்டைவிரல் அளவுதான் இருந்தது. லூயிஸ் அதைச் சாப்பாட்டு டப்பாவில் தண்ணீர் விட்டுக் கொண்டுவந்தார். இப்போது உள்ளங்கையை விடப் பெரிதாகிவிட்டது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே கண்ணாடியோரம் வந்து நிற்கும். இறால் துண்டை அவர் விரலிலிருந்தே பிடுங்கும். கொடுக்கத் தாமதமானால் பல்லை நறநறவென்று கடித்துத் தண்ணீரைத் துப்பும். ஆரஞ்சும் வெள்ளையுமான இரண்டு கோமாளி மீன்களும், சில நீலக் குட்டிகளும் கிளாத்தியின் குணம் தெரிந்து ஒதுங்கி வாழ்ந்தன. ஃப்ளோராவுக்கு அந்தத் தொட்டியைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும்.

பிப்ரவரி மாதம் ஒரு காலையில், படகின் இரும்புப் படியில் உட்கார்ந்த லூயிஸால் எழுந்திருக்க முடியவில்லை. கூட வேலை செய்கிற செங்குட்டுவன்தான் அவரைத் தோளில் போட்டுக் கரையேற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு என்றார்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஐம்பத்து மூன்று வயதில், அத்தனை வார்த்தைகளிலும் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது. எதைக் கேட்டாலும், “அப்பால,” என்பார்.

முதல் வாரம் ஃப்ளோராவுக்கு இது விளங்கவில்லை. காபி வேணுமா என்றாள். அப்பால என்றார். சரி, பிறகு குடிப்பார் போலிருக்கிறது என்று டம்ளரை எடுத்துப் போய்விட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பக்கத்துக் கட்டில் ஆள் சொல்லித்தான் திரும்பிப் பார்த்தாள். வேணும் என்பதும் வேணாம் என்பதும் வலிக்கிறது என்பதும் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள்ளேயே இருந்தன. அதிலிருந்து பிரித்தெடுக்கத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை.

இருபத்திரண்டு நாள் கழித்து நாலு பேர் நாற்காலியோடு தூக்கி அவரை மாடியேற்றினார்கள். எதிர்வீட்டு இருதயம்மாள் சாவி வாங்கிவைத்து மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். பாவம், பட்டினி கிடக்கக்கூடாதே என்று வேளைக்கு ஒரு பிடி இறால் போட்டிருக்கிறாள். தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் வற்றும், அதை நிரப்ப வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தண்ணீர் இறங்கி, கீழே அலமாரிக்குள் இருந்த மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிட்டது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது தொட்டி. நீலக் குட்டிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. கோமாளி இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. கிளாத்தி பாறை இடுக்கில் ஒருக்களித்துக் கிடந்தது.

நாற்காலியில் இருந்த லூயிஸ் அதைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அன்று மத்தியானமே ஃப்ளோராவும் இருதயம்மாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரியைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். உள்ளே அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீரோடு ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி இருந்தது. கருகிய மோட்டார் இருந்தது. ஒன்றரை அடி உயரத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய், அதன் தலையில் ஒரு கப், அந்தக் கப் நிறையக் கறுப்பாக ஏதோ குழம்பு. கிட்டே போக முடியாத நாற்றம். கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டு அழுகியிருக்கிறது என்று நினைத்து, செத்த மீன்களோடு சேர்த்து அதையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள். மோட்டாரை மட்டும், ரிப்பேர் செய்யலாம் என்று ஒரு துணியில் சுற்றி வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் சங்கமித்ரா. வியாசர்பாடிப் பெண், முப்பது வயதிருக்கும். செவ்வாயும் வெள்ளியும் ஆட்டோ வைத்து லூயிஸை அவளிடம் அழைத்துப் போக வேண்டும். நோய்க்கு முன்னால் அவருக்கு எதன்மேல் ஆசை என்று அவள் கேட்டாள். ஃப்ளோரா தொட்டியைப் பற்றிச் சொன்னாள். உடனே அவள் முகம் மலர்ந்தது. அதன் முன்னால் தினமும் உட்கார வையுங்கள், இடது கையால் தீனி போடச் சொல்லுங்கள், மீன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், மூளை பழைய பாதையைத் தேடும் என்றாள். அன்றிலிருந்து அந்தத் தொட்டி வெறும் தொட்டியாக இல்லை. மருந்துச் சீட்டில் எழுதாத மருந்தாகிவிட்டது. அதைச் சாகவிடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், இருதயம்மாளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிக் கொளத்தூர் போனாள். தெரு முழுக்க மீன் கடைகள். கடல் மீன் விற்கிற கடை மட்டும் தேடித்தான் கிடைத்தது. கடைக்காரர் எத்திராஜ். நாற்பதைத் தாண்டியவர், சதா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். அவள் பாட்டிலில் கொண்டுபோயிருந்த தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாக மாறியது. அமோனியா ஏறியிருக்கிறது, மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரிலேயே விஷமாகிக்கொண்டிருக்கிறது என்றார். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. எத்தனை லிட்டர்? பாறை எத்தனை கிலோ? முன்னால் என்ன ஃபில்டர் ஓடியது?

“சம்ப் கீதாக்கா?” என்று கேட்டார்.

“கீதுங்க. வாசல்ல கீது. ஒருநாள் விட்டு ஒருநாள் மெட்ரோ தண்ணி வருது,” என்றாள் ஃப்ளோரா.

எத்திராஜ் சிரிக்காமல் இருந்தது அவர் பெருந்தன்மை. மீன் தொட்டிக்குக் கீழே வைக்கிற சின்னத் தொட்டிக்கும் சம்ப் என்றுதான் பெயர், ஃபில்டர் சாமானெல்லாம் அதற்குள் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அவள் காது வரை சூடேறிப் போய், அது காலியாகக் கிடக்கிறது என்றாள்.

அவர் சாமான்களை எடுத்து வைத்தார். தொட்டிக்குப் பின்னால் தொங்கவிடுகிற சின்னப் பெட்டி, இது போதாது. கேனிஸ்டர் என்று ஒரு கறுப்பு டப்பா, வெளியே நிற்கும். இரண்டு குழாய் வழியாகத் தண்ணீர் போய் வரும். உள்ளே பஞ்சும் பீங்கான் வளையமும் அழுக்கைப் பிடிக்கும். அப்புறம் ஸ்கிம்மர், நுரையாக அழுக்கைப் பிரிக்கிற உயரமான குழாய். கடல் தொட்டிக்கு அதுதான் நல்லது என்று ஒரு சாரார், டப்பாவே போதும் என்று ஒரு சாரார். அங்கேயே மீன் வாங்க வந்திருந்த ஒருவர் டப்பாவை வாங்காதீர்கள் என்றார். அவரோடு வந்தவர் பத்து வருஷமாக டப்பாதான் வைத்திருப்பதாகச் சொன்னார். ஃப்ளோரா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எது வேணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. நான் வாங்கிக்கிறேன்,” என்றாள்.

“எழுதிக் குடுத்துடுவேன்கா. நாளைக்கு மீனு செத்துச்சுன்னா நீ என்னத்தான் கேப்ப. அண்ணன் முன்னாடி இன்னா வெச்சிருந்தாருன்னு கேட்டுட்டு வந்துரு.”

அவள் டப்பா, ஸ்கிம்மர் இரண்டின் படங்களையும் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பினாள். அதுவரை தாங்க, தண்ணீரை மாற்றச் சொல்லியிருந்தார் எத்திராஜ். செங்குட்டுவனுக்கு ஃபோன் செய்தாள். மறுநாளே வெளிக்கடல் தண்ணீர் ஆறு கேன் கொண்டுவந்து மாடியேற்றினான். “அண்ணி, எவ்ளோ வேணுமோ சொல்லு, கொண்டாந்து போடறேன்,” என்றான். சொன்னபடி மூன்று முறை கொண்டுவந்தான். நாலாவது வாரம் அவர்கள் படகைக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு, அலை சத்தம் கேட்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கொளத்தூரிலிருந்து வாங்கி வந்த உப்பைக் கேன் தண்ணீரில் கரைத்து அவள் கடல் செய்ய வேண்டியதாயிற்று.

ஆபீஸ் பிரிண்டரில் படங்களைப் பெரிதாக எடுத்தாள். ஒரே தாளில், ஒரு பக்கம் டப்பா, மறு பக்கம் ஸ்கிம்மர். லூயிஸின் மடியில் பலகை வைத்து அதன்மேல் தாளை விரித்தாள்.

“நல்லா பாருங்க. உங்க மீனுக்கு எது வாங்கட்டும்? கையால தொட்டுக் காட்டுங்க.”

அவர் நெடுநேரம் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்தது. விரல் டப்பாவின் மேல் ஊன்றி நின்றது. இதுவா என்று கேட்டாள். “அப்பால,” என்றார். தாளை எடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மறுபடியும் அதே மாதிரி விரித்துக் கேட்டாள். மறுபடியும் டப்பா. மூன்றாவது முறையும் டப்பா.

ஃப்ளோராவுக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவர் எடுத்த முதல் முடிவு. இருதயம்மாளிடம் சொன்னாள். ஆபீஸில் சொன்னாள். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சனிக்கிழமை டப்பா வந்துவிட்டது. எத்திராஜே வந்து பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே நாளில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்தது. கிளாத்தி எழுந்து நீந்தியது. லூயிஸ் இடது கையால் இறால் துண்டை நீட்ட, வந்து பிடுங்கியது. அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தாள்.

அந்தச் சிரிப்புதான் பிறகு வினையாக வந்தது. தீனி போடுவது ஒன்றுதான் அவர் கையால் ஆகிற காரியம். காலையில் போடுவார். போட்டதை மறந்து மறுபடி போடுவார். ஒருநாளைக்கு ஆறு தரம், ஏழு தரம். இறால் கிண்ணத்தை ஒளித்து வைத்தால் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டி, “அப்பால, அப்பால,” என்று குரல் உடையக் கத்துவார். போதும் என்பதை அவருக்குப் புரிய வைக்க ஃப்ளோராவிடமும் வார்த்தை இல்லை. கையசைவு நன்றாக இருக்கிறது, நிறுத்தாதீர்கள் என்று சங்கமித்ரா வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சங்கமித்ரா லூயிஸின் முன்னால் மேஜைமேல் ஒரு கரண்டியும் ஒரு சாவியும் வைத்தாள். சாவி எது என்றாள். அவர் கரண்டியைத் தொட்டார். அவள் இரண்டையும் இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். இப்போது சாவியைத் தொட்டார். கரண்டி எது என்றாள். அதற்கும் சாவியைத்தான் தொட்டார். சீப்பு, பேனா, டம்ளர் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எதைக் கேட்டாலும் இடப்பக்கம் இருப்பதையே தொட்டார்.

சங்கமித்ரா ஃப்ளோராவை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். “ஆன்ட்டி, அவருக்குக் கண்ணுல குறை இல்ல. மூளைதான் வலப்பக்கத்துல இருக்குறத பதிஞ்சுக்கல. அந்தப் பாதி அவருக்கு இல்லவே இல்லைனு வெச்சுக்கோங்க. நாம கேக்குறது எவ்வளவு புரியுதுன்னும் இப்போதைக்கு உறுதியாச் சொல்ல முடியல.”

தட்டில் வலது பாதிச் சோறு தினமும் அப்படியே மிஞ்சுவது ஃப்ளோராவுக்கு நினைவுக்கு வந்தது. குழம்பு பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள். அடுத்த கணம் அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. இடப்பக்கம் டப்பா. மூன்று முறையும் அவள்தான் அப்படி வைத்திருந்தாள். ஸ்கிம்மரை அவர் பார்க்கவே இல்லை. அவர் எடுத்த முடிவு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அவர் எடுத்ததில்லை. அவளும் எடுக்கவில்லை. பிரிண்டர் எடுத்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் நாற்காலியைத் தொட்டியின் வலது கோடிக்குத் தள்ளிப் போட்டாள். இனி முழுத் தொட்டியும் அவருக்கு இடப்பக்கம் இருக்கும். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

மே மாதம் தண்ணீர் கெட்டது. தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் கிட்டே போனால் ஒரு புளித்த வாடை. திங்கட்கிழமை ஒரு கோமாளி மீன் செத்து மிதந்தது. புதன்கிழமை மற்றது. எத்திராஜ் ஃபோனில் டப்பாவைத் திறந்து கழுவினாயா என்று கேட்டார். வாரத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்லித்தான் இருந்தார். குழாயைக் கழற்றினால் தண்ணீர் வீடெல்லாம் கொட்டிவிடுமோ, திரும்ப மாட்டத் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து அவள் தொடவே இல்லை. இப்போது குளியலறைக்கு இழுத்துப் போய்த் திறந்தாள். பஞ்சுக்குள் பொதிந்து பொதிந்து அழுகிய இறால். லூயிஸின் கை போட்டதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து, அந்த வழியாகவே தண்ணீர் போய்வந்து கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு எத்திராஜிடம் போனாள். டப்பா மோசமில்லை, ஆனால் கிளாத்தி கண்டபடி தின்று கண்டபடி கழிகிற மீன், அண்ணனும் இத்தனை போடுகிறார் என்றால் அது தாங்காது என்றார். முன்னால் எப்படித்தான் சமாளித்தார் என்று அவருக்கு ஆச்சரியம். ஃபோனில் பழைய படம் எதிலாவது தொட்டி இருக்கிறதா என்று தேடச் சொன்னார். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த படம் ஒன்று கிடைத்தது. லூயிஸ் தொப்பி வைத்துக்கொண்டு தொட்டியருகில் குந்தியிருக்கிறார். பின்னால் அலமாரிக் கதவு திறந்திருக்கிறது.

எத்திராஜ் படத்தை விரலால் பெரிதாக்கினார். “யெக்கா, இது ஸ்கிம்மருகா. கடைல வாங்கினது இல்ல. அண்ணன் கையாலயே செஞ்சிருக்காரு. இன்னா நறுவிசா கீது பாரு. இத்த வெச்சிகினு நீ ஏன்கா டப்பா வாங்கின? எங்க இது?”

வெள்ளைக் குழாய். தலையில் கப்.

ஃப்ளோரா பொய் சொல்லவில்லை. நாறியது, குப்பையில் போட்டுவிட்டேன் என்றாள். எத்திராஜ் துண்டால் கையைத் துடைத்தார். காய்ந்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அடியிலிருந்து பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழ் விடுவார்கள். தண்ணீரில் கரைந்த அழுக்கு குமிழில் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி மேலே கப்பில் விழும். அந்தக் கப் நாறினால் குழாய் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கே இறங்கினாள், எப்படி மாடியேறினாள் என்று அவளுக்குத் தெரியாது. லூயிஸ் தொட்டி முன்னால் இருந்தார். அவள் அவருடைய இடப்பக்கம் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கை வைத்துச் சொன்னாள்.

“நீங்க செஞ்ச குழாய நான் தூக்கிப் போட்டுட்டேங்க. இன்னான்னு தெரியாம போட்டுட்டேன். அதனாலதான் ரெண்டும் செத்துச்சு.”

அவர் அவளைப் பார்த்தார். “அப்பால,” என்றார். திட்டினாரா, போகட்டும் என்றாரா, சொன்னது காதிலாவது விழுந்ததா? அவள் அந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். அவர் கண் மறுபடி கிளாத்தியிடம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு எத்திராஜ் இரண்டு ஸ்கிம்மர்களைச் சாக்கில் கட்டி வண்டியில் கொண்டுவந்தார். சங்கமித்ரா சொல்லியிருந்தபடி, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், லூயிஸின் இடப்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டில் வைத்தார்கள். ஒன்று தொட்டியின் பின்கண்ணாடியில் தொங்கவிடுவது. மற்றது கீழே சின்னத் தொட்டிக்குள் நிற்பது, பெரியது. லூயிஸ் இரண்டையும் தொடவில்லை. இடது கையை நீட்டி எத்திராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. எத்திராஜ் கொஞ்ச நேரம் நின்றுபார்த்துவிட்டு, அப்படியே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கால்மணி நேரம் இரண்டு ஆண்களும் கிளாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எத்திராஜ் ஃப்ளோராவை நிமிர்ந்து பார்த்தார். “நீதான்கா சொல்லணும்.”

அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தாள். தொங்கவிடுவது சின்னது, கழுவ எளிது. ஆனால் கப் நிரம்பினால் தண்ணீர் தரையில் வழியும். லூயிஸ் இப்போது கோல் பிடித்து நாலடி நடக்கிறார். காலை எட்டு மணிக்குப் போனால் ஆறுக்குத்தான் அவள் வருவாள். இருதயம்மாள் நடுவில் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஈரத்தில் அவர் வழுக்கினால்? கீழே நிற்பது நிரம்பினாலும் அலமாரிக்குள்ளேயே வழியும். ஆனால் அதற்குப் புது மோட்டார் வேண்டும், தினமும் வற்றின தண்ணீரை ஊற்ற வேண்டும். மீனுக்கு எது நல்லது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கீழே நிற்பது என்றாள். பட்டியல் இல்லாமல் அவள் வாங்கிய முதல் சாமான் அது. டப்பாவை எத்திராஜ் திருப்பி எடுத்துக்கொண்டார்.

நாலு நாள் நுரையே வரவில்லை. புது மெஷின் அப்படித்தான், பழக வேண்டும் என்று எத்திராஜ் சொன்னதை நம்பாமல் தினமும் இரண்டு முறை அவருக்கு ஃபோன் செய்தாள். ஐந்தாம் நாள் காலை அலமாரியைத் திறந்தபோது குழாயின் கழுத்தில் வெண்ணுரை ஏறியிருந்தது. கப்பின் அடியில் டீத்தூள் கலரில் இரண்டு விரல் தண்ணீர். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். நாறியது. அவள் அந்தக் கப்பைக் கழற்றி லூயிஸிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. உப்புக் கரைத்தாள், வற்றின தண்ணீரை ஊற்றினாள், கப்பைக் கழுவினாள். சோதனைத் தண்ணீர் மஞ்சளிலேயே நின்றது. லூயிஸ் எட்டு தரம் தீனி போட்டாலும் மெஷின் தாங்கியது.

ஆகஸ்டில், மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், கிளாத்தி தீனியை விட்டது. இறாலை வாயில் வாங்கி வாங்கித் துப்பியது. மூன்றாம் நாள் அவள் ஆபீஸிலிருந்து வந்தபோது பாறையின்மேல் பக்கவாட்டில் செத்துக் கிடந்தது. லூயிஸ் நாற்காலியில் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இப்போதுதான் பார்த்தேன், இதற்கு முன் நீந்திக்கொண்டுதான் இருந்தது என்றாள் இருதயம்மாள்.

எத்திராஜ் வந்து எல்லாச் சொட்டு மருந்தையும் விட்டுப் பார்த்தார். உப்பு சரியாக இருந்தது. அமோனியா இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “வயசா இருக்கலாம். உள்ளுக்குள்ள எதுனா இருந்திருக்கலாம். எனக்குத் தெரிலக்கா,” என்றார்.

அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பழைய குழாயைத் தூக்கிப் போடாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டாள். எத்திராஜ் டம்ளரைக் கையில் உருட்டினார். அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை.

மூன்று நாள் லூயிஸ் இறால் துண்டைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கை களைக்கும்வரை பிடிப்பார். துண்டு விழும். கீழே போய்க் கிடக்கும். அவள் அதைக் கரண்டியால் எடுப்பாள். நாலாம் நாள் கிண்ணத்தை வைக்கவில்லை. நாற்காலிக் கையைத் தட்டுவார், கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் தட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஏழு மாதமாகியும் லூயிஸுக்கு இரண்டாவது வார்த்தை வரவில்லை. செப்டம்பரில் சங்கமித்ரா, இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றாள். சொல்லிக்கொண்டே லூயிஸின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டாள். அதே வாரம் எத்திராஜ் ஃபோன் செய்து, நல்ல கோமாளி ஜோடி வந்திருக்கிறது, எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

இன்னும் சொல்லவில்லை. தொட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மீன் இல்லாததால் ஸ்கிம்மர் கப்பில் ஒன்றும் விழுவதில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. கிளாத்தி இருந்தவரை பாறைக்குள்ளிருந்து எந்த உயிரையும் தலைகாட்ட விட்டதில்லை. இப்போது இடுக்குகளிலிருந்து நூல் போன்ற கால்களை நீட்டி ஏதோ ஊர்கிறது. சின்னச் சின்ன இறகுப் பூக்கள் விரிகின்றன, நிழல் பட்டால் சட்டென்று உள்ளே போய்விடுகின்றன. இவை என்னவென்று ஃப்ளோராவுக்குத் தெரியாது. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, லூயிஸின் இடப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருகிறாள். அவர் அந்தப் பூக்களைத்தான் பார்க்கிறாரா, வெறும் தண்ணீரைப் பார்க்கிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. குக்கர் விசில் வரும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.